கொதிக்கும், வேகாது

என் வேலை கல்.
வண்டி நின்றதும் குதித்துச்
சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும்.
நகர்ந்ததும் கல்லை அணைத்துக்கொண்டு ஓடிப்
படிப்பலகையில் தொற்றிக்கொள்ள வேண்டும்.
கூலி, நாளுக்கு ஒரு பொலிவியானோ.
கல் என்னுடையது.

இருபத்தேழாம் வருஷம், ஜூலை.
லா பாஸ் கீழே ஒரு கிண்ணமாகிவிட்டது.
காற்று எங்கள் முதுகுப் பக்கம்,
வண்டியின் வேகத்திலேயே வந்தது.
கூடவே வரும் காற்று காற்றே இல்லை.
விசிறி சும்மா சுற்றியது.
மூன்றாம் வளைவில் ஒரு தகரம் தண்ணீர்.
ஆறாம் வளைவில் இன்னொன்று.
பிறகு தகரங்கள் வெறுமனே உருண்டு
ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தன.

இந்த வண்டிக்குப் பம்பு கிடையாது.
சூடான நீர் தானே மேலேறும்,
ஆறினால் தானே இறங்கும்
என்பார் எர்மோகெனெஸ்,
ஓட்டுநர்,
நம்பிக்கை உள்ள மனிதர்.
அன்று ஏறியதுதான்.
இறங்கவில்லை.

ஒன்பதாம் வளைவில் மூடி பறந்தது.
பள்ளத்தில் எங்கோ
ஒரு தடவை கிணுங்கிய சத்தம் மட்டும் வந்தது.
வெள்ளை ஆவி. அதற்குள்ளிருந்து
தோன் அனிசேத்தோவின் குரல்:
வெள்ளீயச் சுரங்கத்தில் தாது சோதிப்பவர்,
மடியில் கண்ணாடிப் பெட்டி,
பெட்டிக்குள் ஒரு தூசியையும் நிறுக்கிற தராசு.
அவரும் கொதித்துக்கொண்டிருந்தார்.
அவருக்கும் மூடி இல்லை.

குழாய் ஒன்று தையல் விட்டிருந்தது.
சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்து
விழுந்த இடத்திலேயே உறைந்தது.

வளைவில் ஒரு கல்வீடு.
வாசலில் வெனான்சியா,
தொப்பி சற்றே சாய்ந்து, முன்னால் அடுப்பு,
அடுப்பில் லாமா சாணத்து நெருப்பு.
ஓடை எங்கே என்றேன்.
தூங்குகிறது, ஆகஸ்ட் கடைசியில் எழுந்திருக்கும் என்றாள்.
தண்ணீரென்று இருப்பது இந்தப் பானையில்.
சுன்யோ போட்டிருந்தாள்,
பனியில் உறையவிட்டு, மிதித்து, உலர்த்திய கிழங்கு.
"விடிந்ததிலிருந்து எரிக்கிறேன்.
கொதிக்கும், வேகாது.
இந்த உயரத்தில் அப்படித்தான்."
எர்மோகெனெஸ் பானையைப் பார்த்தார்.
வண்டியைப் பார்த்தார்.
"இதுவும் அப்படித்தான்" என்றார்.

காசு வேண்டாமாம்.
அவளும் அவள் மூட்டையும்
கணவாய்க்கு அந்தப் பக்கம் போக வேண்டுமாம்.
தோன் அனிசேத்தோ நகர்ந்து உட்கார்ந்தார்,
அரை அங்குலம்.

கிழங்கைத் துணியில் வடித்து அவள் வைத்துக்கொண்டாள்.
கலங்கிய நீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினோம்.
பச்சைத் தண்ணீர் என்றால் இரும்பு வெடித்திருக்கும்.
மூடிக்குச் சோளக்கட்டை, துணி சுற்றியது.
இனி செங்குத்து. வண்டியைத் திருப்பிப்
பின்புறமாகவே ஏற்றினார் எர்மோகெனெஸ்.
பெட்ரோல் அப்போதுதான் இறங்குமாம்.
மேலே போகிறோம், முகமெல்லாம் கீழே பார்த்து.
இப்போது காற்று ரேடியேட்டரின் மார்பில் நேராக விழுந்தது.
கல்லோடு நான் பதினேழு முறை இறங்கினேன்.
எண்ணியது அவள், நானில்லை.

உச்சியில் நிறுத்தினார்.
கீழே குனிந்து பார்த்தேன். சொட்டவில்லை.
கிழங்கின் கஞ்சி
தையல் விட்ட இடத்தில் தடித்து
ஆடையாக ஒட்டியிருந்தது.
சோளக்கட்டையைப் பிடுங்கியதும்
சூப்பு வாசனை
மலைமேல் எழும்பியது.
யாரும் பேசவில்லை. நால்வருக்கும் பசி.
தோன் அனிசேத்தோ மோந்து பார்த்தார்.
பிறகு, முகத்தில் ஒரு சுருக்கமும் மாறாமல்,
உப்பு இருக்கிறதா என்று கேட்டார்.
வெனான்சியா முடிச்சை அவிழ்த்து
ஒரு கட்டி நீட்டினாள்.
அதை அவர் பெட்டியைத் திறந்து
தராசில் வைத்தார்.
தட்டு தொபுக்கென்று இறங்கியது.
அப்போதுதான் சிரித்தார்.

கணவாயில் கற்குவியல்.
கடப்பவர் ஆளுக்கொரு கல் வைக்க வேண்டும்.
அவள் வைத்தாள். எர்மோகெனெஸ் வைத்தார்.
கையுறையைக் கழற்றிவிட்டு
தோன் அனிசேத்தோகூட ஒன்று பொறுக்கி வைத்தார்.
என்னைப் பார்த்தார்கள்.
நான் என் கல்லை இறுக்கிக்கொண்டேன்.

இறக்கம் பாக்கி இருக்கிறது.